எலிசபியும் அவள் அண்ணனும் பேசாதிருந்த காலம்

அன்று எங்கள் வீட்டில் யாரும் அடுப்பு மூட்டவில்லை.

மே மாதத்து விடுமுறைத் திங்கட்கிழமை. ரொறன்ரோவின் மோர்னிங்சைட்டில் புல்வெளி முழுக்க மஞ்சள் பூக்கள். வெளியே அப்படி ஒரு வெயில். உள்ளே நாங்கள் திரைச்சீலைகளை இழுத்து மூடியிருந்தோம். இவரும் இவருடைய சிநேகிதர்கள் சிலரும் வரவேற்பறையில் இருந்தார்கள். இவர் என்றால் என் கணவர் குணம். தொடரை இடையில் வாசிக்க வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். ரீவி சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. போர் முடிந்துவிட்டது என்று காலையிலிருந்து அது சொல்லிக்கொண்டிருந்ததை இனியும் காதால் கேட்க எங்களுக்குத் தெம்பில்லை.

செத்த வீட்டில் சமைப்பதில்லை. ஆனால் எங்கள் வீடு செத்த வீடா என்பது எங்களுக்கே தெரியாது. என் தங்கை வதனியும் அவள் கணவரும் வன்னியில் இருந்தார்கள். தைப்பொங்கலுக்குச் சற்று முன் ஒரு தரம் கதைத்தாள். இடம் மாறப் போகிறோம் என்றாள். அதன்பிறகு ஒன்றுமில்லை. அழுவதா, காத்திருப்பதா என்று தெரியாமல் கேத்திலைத் துடைத்துக்கொண்டு நின்றேன். அதை எத்தனை தரம் துடைத்திருப்பேன் என்று சொல்லத் தெரியாது.

அப்போது பேஸ்மென்ற் படிகளில் காலடி கேட்டது. கீழே குடியிருந்த எலிசபி வந்தாள். ஒரு கையில் மடித்த மட்டைப் பெட்டி. மற்றக் கையில் விறகுக்கட்டை போல விறைத்த ஒரு பெரிய மீன்.

யாரையும் கேட்காமல் தேநீர் மேசையை ஒரு பக்கம் தள்ளினாள். மட்டையைக் கம்பளத்தின் மேல் விரித்தாள். முழங்காலில் இருந்து, பிறை போல வளைந்த ஒரு கத்தியால் மீனைச் சீவத் தொடங்கினாள். செம்மஞ்சள் நிறத்தில், ஓரங்களில் பனி மினுங்க, மெல்லிய துண்டுகளாக அது மட்டையில் விழுந்தது. அந்தச் சீவல் சத்தம் ஒன்றுதான் அறையில்.

“உதுக்கு அடுப்பு வேண்டாம். உப்பிடியே சாப்பிடலாம்” என்றாள்.

ஒருவரும் கை நீட்டவில்லை.

ஜன்னலைத் திறந்து வைத்தவள்

மோர்னிங்சைட் வீட்டை வாங்கப் பட்ட பாட்டை முன்பே எழுதிவிட்டேன். மகள் ஒட்டாவாவுக்குப் படிக்கப் போனதும் பேஸ்மென்ற் வெறுமையாகக் கிடந்தது. பக்கத்துப் பல்கலைக்கழகத்தில் படிக்கிற பிள்ளை யாராவது வரட்டும் என்று அறிவித்தல் ஒட்டினோம். வந்து கதவைத் தட்டிய மாணவிக்கு ஐம்பது வயது தாண்டியிருந்தது.

ஜனவரி மாதம். மூச்சு விட்டால் மூக்குக்குள் ஊசி குத்துகிற குளிர். அவளோ கோட்டைப் பூட்டாமல் வாசலில் நின்றாள். அகன்ற கன்னம், சின்னக் கண். அறை பிடித்திருக்கிறதா என்று கேட்டேன். இரண்டு புருவங்களையும் உயர்த்தினாள். மறுபடி கேட்டேன். மறுபடி உயர்த்தினாள். அவர்கள் ஊரில் ‘ஓம்’ என்பதை அப்படித்தான் சொல்வார்களாம். வாயைத் திறக்காமல் ஓம் சொல்கிற ஒருவரை நான் முதல்முதல் கண்டது அன்றுதான்.

இவர் அவளைச் சீனாக்காரி என்று நினைத்தார். அவள் சிரித்துக்கொண்டு, தான் இனுக் என்றாள். ஒருவர் என்றால் இனுக், பலர் என்றால் இனுவிட். மரமே முளைக்காத வடக்கில், கடல் உறைந்து கிடக்கிற ஒரு குடாவின் ஓரம் அவள் ஊர். ரோட்டுப் பாதை கிடையாது, விமானத்தில்தான் போகலாம்.

வந்த அன்றே ஹீற்றரைக் குறைத்து ஜன்னலைத் திறந்து வைத்தாள். எங்கள் வீட்டுக்குள் அந்த மாரி முழுக்கக் கீழேயிருந்து பனியின் வாசம் வந்தது. பின்னேர வேலைக்குப் போகுமுன் நான் சற்றுக் கண்ணயர்வேன். அந்த நேரம் அவள் ஊரிலிருந்த தன் மருமகளோடு, அதாவது அண்ணன் மகளோடு, ரெலிபோனில் கதைப்பாள். தொண்டையின் அடியில் பிறந்து வருகிற சொற்கள். ஆழக் கிணற்றில் சிறு கல் விழுவது போன்ற ஓசை. அரைத் தூக்கத்தில் வதனிதான் கீழே இருந்து கதைக்கிறாள் என்று தோன்றும். எழும்பிப் படிவாசல்வரை போய் நின்றிருக்கிறேன்.

அவளும் நானும் இங்கிலீஷில்தான் பேசினோம். இருவருக்கும் அது இரவல் பாஷை. ஆனால் இன்று நினைத்துப் பார்க்கையில் அவள் சொன்னதெல்லாம் என் காதில் யாழ்ப்பாணத் தமிழாகவே கேட்கிறது. அப்படியே எழுதுகிறேன், வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

ஒருநாள் எங்கள் குசினியில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது ரீவியில் பாராளுமன்றக் கூட்டம் போனது. அதைப் பார்த்துவிட்டு, “நானும் உப்பிடி ஒரு கதிரையிலை இருந்தனான்” என்றாள். அவள் ஊர் இருக்கிற நுனாவுட் என்ற வடக்குப் பிரதேசத்தின் சட்டசபையில் உறுப்பினராக இருந்தவள். முந்திய இலையுதிர் காலத்தில் தேர்தலில் தோற்றவள். இருபது வயதில் தொடங்கி இடையில் விட்ட படிப்பை முடிக்கலாம் என்று தெற்கே வந்திருந்தாள். குப்பைத் தொட்டியைத் தெருவுக்கு இழுத்துப் போகிற எங்கள் வாடகைக்காரி ஒரு முன்னாள் அரசியல்வாதி என்று இவர் சொன்னபோது சிநேகிதர்கள் நம்பவில்லை.

கண்ணை மூடிக்கொண்டு கீறிய கோடு

படிப்பை ஏன் விட்டாய் என்று கேட்டதற்கு ஒரே தடவையில் பதில் வரவில்லை. மாரி முழுவதும், தேநீருக்கும் பாத்திரம் கழுவுவதற்கும் இடையில், துண்டு துண்டாகச் சொன்னாள்.

அவள் சின்னப்பிள்ளையாக இருந்தபோது அரசாங்கத்துக்கு அவர்களுடைய பெயர்கள் வாயில் நுழையவில்லை. ஆளுக்கு ஓர் இலக்கம் பொறித்த வில்லை கொடுத்துக் கழுத்தில் கட்டச் சொன்னது. அவளுடைய அண்ணன் பௌலூசி அதை நாய்க்குட்டியின் கழுத்தில் கட்டிவிட்டு அடி வாங்கினானாம். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். தாயும் தகப்பனும் இல்லாமல் போனபிறகு அவளை வளர்த்தது அந்த அண்ணன்தான். அவன் வேட்டைக்காரன். அரசாங்கம் அவளைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோனது, அவனைக் கொண்டுபோகவில்லை. அதனால் அவளுக்கு இங்கிலீஷ் தெரியும், அவனுக்குத் தெரியாது.

பிறகு ஒரு காலம் வந்தது. அவளைப் போலப் படித்த இளம் ஆட்கள் கொஞ்சப் பேர் ஒன்றுகூடி, இந்த நிலம் எங்களுடையது, இதை நாங்களே ஆளவேண்டும் என்று ஒட்டாவாவில் இருந்த மத்திய அரசாங்கத்திடம் கேட்கப் போனார்கள். யாருமில்லாத வெறும் நிலம் அது என்று பதில் வந்தது. அப்படியில்லை என்று காட்டுவதற்காக ஊரூராகப் போய், வேட்டைக்காரர்கள் முன்னால் வரைபடத்தை விரித்து, நீங்கள் போய்வருகிற பாதைகளைக் கீறுங்கள் என்று கேட்டார்கள். எலிசபி படிப்பை நிறுத்திவிட்டு அந்த வேலைக்கு மொழிபெயர்ப்பாளராகப் போனாள்.

ஒரு கிழவர் கடதாசியின் மேல் குப்புறப் படுத்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டாராம். கண்ணைத் திறந்தால் வரைபடத்தில் கடலுக்குப் பூசியிருக்கிற நீலச் சாயம் தன்னைக் குழப்புகிறது என்றாராம். கண்ணை மூடியபடியே பென்சிலால் மெல்ல மெல்ல, நாய்வண்டி போகிற வேகத்திலேயே, கீறிக்கொண்டு போனாராம். தங்குகிற இடம் வந்தால் பென்சிலும் நின்றுவிடுமாம். அவர் களை ஆறி எழும்பும்வரை அறையில் இருந்த எல்லோரும் பேசாமல் காத்திருந்தார்களாம்.

எல்லாருடைய கோடுகளையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தபோது வெறும் நிலம் என்று சொல்ல ஓர் உள்ளங்கை அளவு இடமும் இருக்கவில்லை.

அந்தக் கதையைக் கேட்ட பின்னேரம் நான் படுத்திருந்தபோது, வதனி போயிருக்கக்கூடிய பாதையைக் கண்ணை மூடிக்கொண்டு நினைத்துப் பார்த்தேன். வீட்டுப் படலையிலிருந்து ஒழுங்கை, ஒழுங்கையிலிருந்து குளக்கட்டு. குளக்கட்டுக்கு அப்பால் எனக்குத் தெரியவில்லை.

அந்தச் சொல்

பேச்சுவார்த்தை வருடக்கணக்கில் இழுபட்டது. அதற்குள் அவள் கலியாணம் முடித்தாள், பிள்ளைகள் பெற்றாள், தனியானாள். பிரதமர்கள் மாறினார்கள். ஒட்டாவாவின் ஜன்னல் திறக்காத அறைகளில் அவள் தலைமயிர் நரைத்தது. மொழிபெயர்க்கப் போனவள் மெல்ல மெல்ல மேசைக்கு முன்னால் இருந்து பேசுகிறவளானாள்.

கடைசியில் ஒப்பந்தம் வந்தது. தனிப் பிரதேசம். தங்கள் மொழியிலேயே பேசுகிற சட்டசபை. ஆனால் அதில் ஒரு வசனம் இருந்தது. ஒப்பந்தம் தருகிறதைப் பெற்றுக்கொண்டு, ஆதியிலிருந்து அந்த நிலத்தின்மேல் இருந்த உரித்தை இனுவிட் விட்டுக்கொடுக்க வேண்டும். அந்த வசனம் இல்லாமல் ஒப்பந்தம் இல்லை என்றது அரசாங்கம்.

சனங்கள் வாக்களிக்குமுன் ஊர் ஊராகப் போய் அதை விளக்குகிற பொறுப்பு அவளிடம் வந்தது. தன் சொந்த ஊர் மண்டபத்தில் எழுந்து நின்றாள். விட்டுக்கொடுப்பது என்ற அந்தச் சட்டச் சொல்லுக்கு அவர்கள் மொழியில் சரியான சொல் அகப்படவில்லை. கையில் பிடித்திருக்கிறதை விடுகிறோம் என்று சொன்னாள்.

பின்வரிசையிலிருந்து அண்ணன் பௌலூசி எழும்பினான். அவன் கேட்டதை எலிசபி எனக்குச் சொன்ன நேரம் எங்கள் குசினி ஜன்னலில் பனி உருகி ஒழுகிக்கொண்டிருந்தது.

“கையிலை இருக்கிறதைத்தானே விடலாம். நிலம் எப்ப எங்கடை கையிலை இருந்தது? நாங்களெல்லோ அதின்ரை கையிலை இருக்கிறம்.”

எல்லாரும் ஆமென்று வாக்களிக்கவேண்டும் என்று மட்டும் சொல்லிவிட்டு அவள் கதிரையில் இருந்துவிட்டாள். பெரும்பாலானவர்கள் ஆமென்றார்கள். ஒப்பந்தம் நிறைவேறியது, சில வருடங்களில் நுனாவுட் பிறந்தது. கொடி ஏற்றிய அன்று ஊரே கடற்கரையில் நின்று கைதட்டியது. பௌலூசி வேட்டைக்குப் போயிருந்தான்.

மண்டபத்தை விட்டு வெளியேறிய அன்றிலிருந்து அவன் அவளோடு கதைக்கவில்லை. கூப்பிடு தூரத்தில் வீடு. கடையில் எதிர்ப்பட்டால் மற்ற வரிசைக்குப் போய்விடுவான். ஆனால் வேட்டையிலிருந்து வந்த அன்றெல்லாம் அவளுடைய பங்கு இறைச்சி அவள் வாசலில் இருக்கும். எப்போது வந்து வைத்தான் என்று தெரியாது. அவள் கதவைத் திறக்கும்போது வாசலில் பனியில் சப்பாத்துத் தடம் மட்டும் இருக்கும்.

“திட்டியிருந்தாலும் பரவாயில்லை, ராஜி” என்றாள் எலிசபி. “திட்டிறதும் கதைக்கிறதுதானே.”

சட்டசபையில் கட்சிகள் இல்லை. எல்லோரும் கூடிப் பேசித்தான் முடிவெடுக்க வேண்டும். அது கேட்க நன்றாக இருந்தது. ஆனால் சின்ன வீடுகளில் மூன்று தலைமுறை நெருக்கியடித்துப் படுப்பதும், இளம் பிள்ளைகள் தங்களைத் தாங்களே மாய்த்துக்கொள்வதும் புதுக் கொடியோடு நின்றுவிடவில்லை. தாய்மார் கடையில் அவளை மறித்து, இதற்காகவா எங்களை ஆமென்று சொல்லச் சொன்னாய் என்று கேட்டார்கள். தோற்றதில் தனக்கு ஆச்சரியமில்லை என்றாள். அண்ணன் யாருக்கு வாக்களித்திருப்பான் என்று மட்டும் யோசித்துக்கொண்டே தெற்கே வந்தாளாம்.

சிவா அண்ணையின் கேள்வி

அந்தத் திங்கட்கிழமைக்குத் திரும்புகிறேன்.

இவருடைய சிநேகிதர்களில் சிவா அண்ணை மூத்தவர். அஜக்ஸில் வீடு. அந்த மாரியில் நடந்த ஊர்வலங்களில் அவர் நிற்காத இடமில்லை. முந்திய வாரம் எங்கள் சனம் நெடுஞ்சாலையில் இறங்கி நின்றபோது முன்வரிசையில் நின்று தொண்டையைக் கிழித்துக்கொண்டவர். அன்று அவர் குரல் சொரசொரவென்று காற்றாகத்தான் வந்தது. மட்டையில் கிடந்த மீனைப் பார்த்துக்கொண்டே இங்கிலீஷில் எலிசபியைக் கேட்டார்.

“ஒரு வெடிகூட வைக்காமல் நீங்கள் எப்பிடி எடுத்தனீங்கள்?”

எலிசபி கத்தியை வைத்தாள்.

“எங்களுக்கு மேலை ஆரும் குண்டு போடேல்லை” என்றாள். “முதல்ல அதைச் சொல்லவேணும். உங்கடையையும் எங்கடையையும் பக்கத்திலை வைச்சுப் பாக்காதேங்கோ, அண்ணை.”

“எண்டாலும் எடுத்திட்டியள்.”

“ஓம். ஒண்டைக் குடுத்து எடுத்தம்.”

அந்த வசனத்தைப் பற்றி அவளே சொன்னாள். மறைக்கவில்லை. கேட்டுக்கொண்டிருந்த சிவா அண்ணையின் முகம் இறுகியது. காணியைக் கொடுத்துவிட்டுக் கதிரையை வாங்கியிருக்கிறீர்கள் என்றார். இவர் எழும்பி, அண்ணை விடுங்கோ என்று தடுத்தார். துக்கம் கேட்க வந்தவளை எங்கள் வீட்டில் வைத்துக் குத்திவிட்டார்களே என்று எனக்கு இருந்தது.

அவள் கோபப்படவில்லை. “என்ரை அண்ணனும் அதைத்தான் சொன்னவன்” என்றாள். “காலமை எழும்பேக்கை செய்தது சரி எண்டு நினைப்பன். பின்னேரம் பிழை எண்டு நினைப்பன். செய்யாமல் விட்டிருந்தால் என்னெண்டு இருக்கும் எண்டு தெரியாது. அது தெரிஞ்ச ஒரு ஆளும் இல்லை.”

சிவா அண்ணை பதில் சொல்ல வாயெடுத்தார். அப்போது ரெலிபோன் அடித்தது.

சுவரில் இருந்த ரெலிபோன்

அந்த நாட்களில் ரெலிபோன் அடித்தால் எப்படி இருக்கும் என்று அதை அனுபவித்தவர்களுக்குத் தெரியும். குசினிச் சுவருக்கு நான் ஓடவில்லை. மிதந்து போனேன் என்றுதான் சொல்லவேண்டும். தரை காலில் படவில்லை.

நீண்ட இரைச்சல். தூர தேசத்துக் காற்று. வதனி என்றேன். வதனி, வதனி என்றேன்.

ஓர் ஆணின் குரல், தயங்கித் தயங்கி, “எலிசபி” என்றது.

பின்னாலேயே வந்து நின்ற எலிசபியிடம் ரெலிபோன் குழாயை நீட்டிவிட்டுத் தரையிலேயே இருந்துவிட்டேன். இவர் வந்து பக்கத்தில் இருந்தார். எலிசபி குழாயைக் காதில் வைத்தாள். அவள் முகம் வெளுத்துத் திரும்பச் சிவந்ததைப் பார்த்தேன். பிறகு அந்தக் கிணற்றுக் கல் சொற்கள் ஒன்றிரண்டு. பிறகு நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்தாள். புருவங்களை உயர்த்தினாள், ரெலிபோனில் அது அவனுக்குத் தெரியாது என்பதை மறந்து.

குழாயை வைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்து நின்றாள். யார் என்று கேட்டேன்.

“அண்ணன்.”

அந்த மீனை அனுப்பியதும் அவன்தான். எலிசபி எங்களைப் பற்றி மருமகளிடம் சொல்ல, அவள் அவனிடம் சொல்லியிருக்கிறாள். ரொறன்ரோவில் சனம் நெடுஞ்சாலையில் நிற்பதை வடக்கே ரீவியிலும் காட்டினார்களாம். தங்கை குடியிருக்கிற வீட்டுக்காரர்களும் அவர்களைச் சேர்ந்தவர்கள்தான் என்று தெரிந்ததும், எதுவும் சொல்லாமல் பெட்டியில் மீனை வைத்து விமானத்தில் ஏற்றிவிட்டான். அன்று போர் முடிந்த செய்தியும் அங்கே போயிருக்கிறது. மருமகளிடம் இலக்கத்தை அமர்த்தச் சொல்லி, குழாயைத் தானே வாங்கியிருக்கிறான்.

“என்ன சொன்னவர்?” என்று இவர் கேட்டார்.

கன்னத்தைக் கையின் பின்புறத்தால் துடைத்தாள்.

“அந்த வீட்டு ஆக்கள் சாப்பிட்டவையோ எண்டு கேக்கிறான்.”

சிவா அண்ணைக்கும் அவள் அண்ணனைப் பற்றி இவர் மெதுவாகச் சொல்லியிருக்க வேண்டும். நான் வரவேற்பறைக்குத் திரும்பியபோது அவர் சோபாவை விட்டு இறங்கி மட்டைக்குப் பக்கத்தில் சம்மணமிட்டு இருந்தார். ஒரு துண்டை எடுத்து வாயில் வைத்தார். கண்ணை மூடி மென்றார். பிறகு அந்தச் சொரசொரத்த குரலில், கொஞ்சம் உப்பும் தேசிக்காயும் இருந்தால் கொண்டு வாருங்கோ தங்கச்சி என்றார்.

நான் கொண்டுவந்தேன். ஒவ்வொருவராகக் கீழே இறங்கினார்கள். நானும் ஒரு துண்டு எடுத்தேன். முதலில் பனி, பிறகு கடல், பிறகு நெய் போல ஒரு வழுக்கல். பல நாளைக்குப் பிறகு தொண்டைக்குள் இறங்கிய முதல் சாப்பாடு. மீன் கரைந்துகொண்டு போகப் போக எனக்கு அழுகை வந்தது. யாரும் தடுக்கவில்லை. பொழுது சாய்கிற நேரத்தில் தெருப் பிள்ளைகள் விடுமுறைக்கான வாணங்களைக் கொளுத்தத் தொடங்கினார்கள். ஒவ்வொரு வெடிக்கும் சிவா அண்ணையின் தோள் ஒரு தரம் துடித்தது. எலிசபி எழும்பிப் போய், எங்கள் வீட்டில் முதல்முறையாக, திறந்திருந்த ஜன்னல்களைச் சாத்தினாள்.

இரண்டு வாக்குகள்

வதனி உயிரோடு இருந்தாள். ஆனி மாதத்தில் முகாமிலிருந்து யாரோ ஒருவருடைய ரெலிபோனில் கூப்பிட்டாள். அவர் இல்லை அக்கா என்றாள். இருவரும் மூச்சு விடுவதைக் கேட்டுக்கொண்டிருந்தோம், தொடர்பு அறும்வரை.

எலிசபி அந்தக் கோடையில் ஊருக்குப் போனாள். படிப்பை இந்த முறையும் முடிக்கவில்லை. அண்ணனுக்கு இடுப்பில் நோவு, வள்ளம் தள்ள ஆள் வேண்டும் என்றாள். அவன் கேட்டானா என்றேன். புருவங்களை உயர்த்தினாள்.

சில வருடங்கள் போயின. ஓர் இலையுதிர் காலத்தில், சில வார இடைவெளியில், எனக்கு இரண்டு ரெலிபோன்கள் வந்தன.

முதலில் வதனி. அங்கே வடக்குக்கு ஒரு மாகாண சபை அமைக்கத் தேர்தல் வைத்திருந்தார்கள். அதற்கு என்ன அதிகாரம் இருக்கிறது, என்ன இல்லை என்று இங்கே எங்கள் வீட்டில் ஒரே வாக்குவாதம். சிவா அண்ணை அது பருப்பில்லாத வெறும் ஓடு என்று சொல்லிக்கொண்டிருந்தார். வாக்குப் போட்டாயா என்று வதனியிடம் கேட்டேன்.

“போட்டிட்டு வந்திட்டன் அக்கா. விடியவே போய் நிண்டனான். என்னத்தைத் தரப்போகினம் எண்டு தெரியாது. அவர் இருந்தால் போட்டிருப்பார். அதுதான் அவரின்ரை நல்ல சேர்ட்டை மடிச்சுக் கைப்பையுக்கை வைச்சுக்கொண்டு போனனான்.”

சில வாரம் கழித்து எலிசபி ரெலிபோனில் கூப்பிட்டாள். மறுபடி தேர்தலில் நின்றிருந்தாள். முடிவு அன்று காலைதான் வந்ததாம். நான் கேட்குமுன்பே, வென்றுவிட்டேன் என்றாள். குரலில் களைப்புத்தான் அதிகம் இருந்தது. பின்னால் ஓர் ஆண் குரல் ஓயாமல் கேட்டுக்கொண்டிருந்தது. யார் அது, விருந்தா என்றேன்.

“அண்ணன். எனக்குத்தான் போட்டவனாம். போட்ட கையோடை வந்து நிக்கிறான். தண்ணி லொறி வரேல்லையாம், வீட்டுக் கூரை ஒழுகுதாம், பள்ளிக்கூடத்திலை எங்கடை பாஷையை ஒழுங்காய்ப் படிப்பிக்கேல்லையாம். தண்ணி லொறி ஊர்ச்சபையின்ரை வேலை, என்ரை இல்லை எண்டு சொன்னால் கேக்கிறானில்லை. காலமை தொடங்கினவன், ராஜி. வாயை மூடுறானில்லை.”

அவள் ரெலிபோனைக் காதிலிருந்து எடுத்து அறையின் பக்கம் நீட்டிப் பிடித்தாள். எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. நின்றபடியே கேட்டுக்கொண்டிருந்தேன், அவனும் நிறுத்தவில்லை.